பாகூருக்கு வரும் யந்திர மனிதன்

பாகூரில் ஒரு காலத்தில் ஒரு கல்லூரி இருந்தது. நேற்று முந்தாநாள் அல்ல. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னால்! பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று கிடைத்திருக்கிறது. பாகூரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்ட செய்தியை அது சொல்லுகிறது. ஏரியும் வயலும் சூழ்ந்த ஒரு சிற்றூரில் கல்வி வளர வேண்டும் என்பதற்காக மூன்று கிராமங்களின் வருமானத்தையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்!

பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் பெருமையோடு நின்றுவிடக் கூடாது. அந்தக் கல்விச்சாலையில் படித்தவர்கள் யார்? மறையோர் சிலர். ஏரிக்கரையில் ஏர் பிடித்தவனுடைய பிள்ளைக்கும், களையெடுத்தவளுடைய பெண்ணுக்கும் அந்த வாசற்படி எங்கே திறந்தது? அறிவு ஊருக்குள்ளேயே இருந்தது; ஆனால் ஊராருக்கு இல்லை.

இப்போது அதே பாகூருக்கும், அதற்கு வடக்கேயுள்ள வில்லியனூருக்கும் இன்னொரு வித்தை வந்து கொண்டிருக்கிறது. 'கணினிச் சிந்தனை' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கூடவே 'ரோபோ' என்னும் யந்திர மனிதனும் வருகிறான். இந்தத் தடவையாவது வாசற்படி எல்லாருக்கும் திறக்குமா? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நடந்திருப்பது என்ன?

புதுச்சேரிக்கென்று சொந்தமாக ஒரு கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் நெடுங்காலமாகத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி வந்தன. 2023-24 கல்வியாண்டில் அரசாங்க உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மத்தியக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு, சி.பி.எஸ்.இ.க்கு, மாறத் தொடங்கின. 2025-இல் அந்த வாரியத்தின் பொதுத் தேர்வையும் நம் பிள்ளைகள் முதன்முறையாக எழுதினார்கள்.

இந்த மாற்றத்தின் இன்னொரு பலனைப் பலர் கவனிக்கவில்லை. டில்லியில் பாடத்திட்டத்தில் ஒரு வரி மாறினால், அது இனி நேராகப் பாகூர்ப் பள்ளியின் கரும்பலகைக்கே வந்து சேரும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கணிதத்தோடு கணினிச் சிந்தனைக்கும் பள்ளிப் பருவம் முழுவதும் முக்கியத்துவம் தரவேண்டும் என்றது. 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2026-27 கல்வியாண்டு முதல், மூன்றாம் வகுப்பிலிருந்தே கணினிச் சிந்தனையும் செயற்கை நுண்ணறிவும் கற்பிக்கப்படும் என்பதே அந்த அறிவிப்பு. பாடத்திட்டத்தை வகுக்க அமைந்த நிபுணர் குழுவுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் கார்த்திக் ராமன் தலைவர்.

மூன்றாம் வகுப்பு என்றால் எட்டு வயது. எட்டு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பதில் சொல்வதற்கு முன்னால் இது என்ன சரக்கு என்று பார்த்துவிடுவோம்.

தேர் ஓடுகிற சூட்சுமம்

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பார்க்காதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். ஆனால் நான் கவனிக்கச் சொல்வது வடம் பிடிக்கும் பெரிய மனிதர்களை அல்ல. தேர்ச் சக்கரத்தின் ஓரத்தில், கையில் முட்டுக்கட்டையோடு குனிந்து நடக்கிறாரே, அந்த மனிதரை!

அவர் என்ன செய்கிறார்? சக்கரத்தைப் பார்க்கிறார். தேர் இடப்பக்கம் சாய்கிறதா, வலப்பக்கம் ஒதுங்குகிறதா என்று கணிக்கிறார். கட்டையைச் சரியான இடத்தில் போடுகிறார். தேர் திரும்புகிறது. திரும்பியது போதுமா என்று மறுபடியும் பார்க்கிறார். போதாவிட்டால் மறுபடியும் கட்டை. பார்ப்பது, முடிவு செய்வது, செய்வது, செய்ததன் பலனை மறுபடி பார்ப்பது. இந்த நான்கும் சங்கிலியாக ஓடுகின்றன.

ரோபோ என்பதும் இவ்வளவுதான். பார்ப்பதற்கு ஓர் உணர்கருவி. முடிவு செய்வதற்குத் தீப்பெட்டி அளவு ஒரு மின்பலகை. செய்வதற்கு ஒரு மோட்டார். சினிமாவில் வருவதுபோல் இரும்புக் கையும் காலும் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. 2005-இல் இத்தாலியில் பிறந்த 'ஆர்டுயினோ' என்ற மின்பலகையின் சாதாரண வகைகள் இன்று நம் ஊரில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன.

அந்த மின்பலகைக்கு, 'இப்படி ஆனால் இதைச் செய். இல்லாவிட்டால் அதைச் செய்' என்று ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிப்பது, அவற்றில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பது, வேண்டாததை ஒதுக்குவது, வேண்டியதைப் படிப்படியாக எழுதுவது ஆகிய பழக்கத்துக்குத்தான் கணினிச் சிந்தனை என்று பெயர். 2006-இல் ஜெனட் விங் என்ற அமெரிக்கப் பேராசிரியை, எண்ணையும் எழுத்தையும் போல இதுவும் எல்லாக் குழந்தைக்கும் வேண்டும் என்று எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல் உலகெங்கும் பரவியது.

ஆமையும் கோலமும்

ஆனால் யோசனை அதைவிடப் பழையது. சேமர் பாப்பர்ட் என்ற கணித அறிஞரும் அவருடைய நண்பர்களும் 1967-இல் அமெரிக்காவில் 'லோகோ' என்ற கணினி மொழியைக் குழந்தைகளுக்காகவே உண்டாக்கினார்கள். அதில் ஓர் ஆமை உண்டு. 'நூறு அடி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு' என்று நான்கு தடவை கட்டளையிட்டால் ஆமை ஒரு சதுரம் போட்டுவிடும். குழந்தை தப்பாகக் கட்டளையிட்டு ஆமை எங்கேயோ போய்விட்டால், ஆசிரியர் திட்டுவதில்லை. 'நீயே ஆமையாக நடந்து பார். எங்கே தப்பு என்று தெரியும்' என்பார்.

தப்பு என்பது இங்கே பாவம் அல்ல; கண்டுபிடித்துத் திருத்த வேண்டிய ஒரு புதிர். நம் பள்ளிகளில் தப்புக்குச் சிவப்பு மை. அதற்குப் பிறகு தலைகுனிவு. கணினிச் சிந்தனை நமக்குக் கொண்டுவரும் பொருள்களில் மிகவும் விலை உயர்ந்தது இந்த ஒரே மனப்பான்மைதான் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் ஆமை கோடு போட்டது இருக்கட்டும். நம் வீட்டு வாசலில் தினந்தோறும் போடுகிறார்களே, அந்தக் கோலம்? புள்ளி வைத்து, ஒரு வளைவை எடுத்து, அதையே திருப்பித் திருப்பிப் போட்டு, கடைசியில் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பது எப்பேர்ப்பட்ட கணக்கு! தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் தம் சகாக்களுடன் 1970-களில் இதை ஆராய்ந்தார்கள். கோலத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். கணினி விஞ்ஞானத்தின் சர்வதேச ஏடுகளில் நம் வாசற்கோலம் அப்படித்தான் இடம் பிடித்தது. வில்லியனூர்ப் பெண் குழந்தைக்குக் கணினிச் சிந்தனையை அறிமுகப்படுத்த அமெரிக்க ஆமை எதற்கு? அவளுடைய பாட்டியே போதும்.

எல்லாப் பாடத்திலும் ஒரு சிட்டிகை

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. கணினிச் சிந்தனையை இன்னொரு பாடமாக வைத்து, இன்னொரு புத்தகமும் இன்னொரு பரீட்சையும் வைத்தால் அதன் உயிர் போய்விடும். சமையலில் உப்பு எல்லாப் பதார்த்தத்திலும் கலப்பதுபோல் அது எல்லாப் பாடத்திலும் கலக்க வேண்டும். கலக்க முடியுமா? முடியும்.

தமிழ்ப் பாடத்தையே எடுத்துக் கொள்வோம். 'மரம்' என்ற சொல்லோடு 'வேர்' சேர்ந்தால் 'மரவேர்'. 'கிளை' சேர்ந்தால் 'மரக்கிளை'. அடுத்து வரும் எழுத்து வல்லினமா என்று பார். ஆம் என்றால் மகரத்தைக் கெடுத்து வல்லினத்தை மிகச் செய். யந்திரத்துக்கு எழுதும் கட்டளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? செய்யுளை அலகிடுவதும் இப்படியே. 'பாகூர்' என்பதை அலகிட்டால் நேர் நேர், தேமா. 'வில்லியனூர்' என்றால் நேர் நிரை நேர், கூவிளங்காய். இந்த விதிகளை யந்திரத்துக்குப் புரியும்படி எழுதப் பழகிய மாணவன் யாப்பிலக்கணத்தை ஜன்மத்துக்கும் மறக்க மாட்டான். தமிழ்ச் செய்யுளை அலகிட்டுச் சொல்லும் 'அவலோகிதம்' என்ற மென்பொருள் ஏற்கனவே இருக்கிறது. நம் இலக்கணம் யந்திரத்துக்கு ஏற்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து, ஒரே வேலையில் எல்லாப் பாடமும் சேருவதைப் பார்ப்போம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டியது. அது ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து வந்து பாகூர் வட்டாரத்துக் கிராமங்களைச் சூழ்ந்துகொண்டது. நடு ராத்திரியில் குழந்தை குட்டிகளோடு மேட்டைத் தேடி ஓடியவர்களின் பிள்ளைகள்தான் இன்று அந்தப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாகூர்ப் பக்கம் ஓர் எட்டாம் வகுப்பை மனத்திலே நினைத்துக் கொள்ளுங்கள். வாய்க்கால் மதகில் ஒரு சிறு கருவியை மாட்டுகிறார்கள். அது வௌவாலைப்போல் நம் காதுக்குக் கேளாத ஒலியை நீரின்மேல் அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் என்பது விஞ்ஞானப் பாடம். எதிரொலி வர வினாடியில் நூறில் ஒரு பங்கு ஆனால், ஒலி சென்ற தூரம் 3.4 மீட்டர். போனதும் வந்ததும் சேர்ந்த தூரம் ஆகையால் அதில் பாதி, 1.7 மீட்டர் கீழே நீர் இருக்கிறது என்பது கணிதப் பாடம். எந்த மட்டத்துக்கு வந்தால் மணி அடிக்க வேண்டும், எந்தத் தெரு தாழ்வானது, முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது சமூகப் பாடம். கிழவிக்கும் குழந்தைக்கும் புரியும்படி அந்த எச்சரிக்கையை இரண்டே வரியில் எழுதுவது தமிழ்ப் பாடம்.

கருவியை மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடாது. ஆகாயத்தாமரை ஒன்று மிதந்து வந்து கருவியின் கீழே நின்றால், இல்லாத வெள்ளம் வந்ததாக மணி அடிக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். ஒரு தடவை அளந்ததை நம்பாமல் ஐந்து தடவை அளந்து, அவற்றில் நடு எண்ணை எடுத்துக்கொண்டால் என்ன? அன்றைக்கு அவர்கள் புள்ளியியல் கற்றுக்கொள்கிறார்கள். புத்தகத்திலிருந்து அல்ல; ஆகாயத்தாமரையிடமிருந்து!

இந்தக் கருவி அரசாங்கத்தின் வெள்ள எச்சரிக்கைக்கு மாற்றாகிவிடாது. ஆனால், நீரைக் கண்டு பயந்த குழந்தை அதே நீரை அளக்கக் கற்றுக்கொள்வது சிறிய விஷயமா?

எச்சரிக்கைகள்

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் வாசகர்களை ஏமாற்றியதாகும்.

தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாடு 'குழந்தைக்கு ஒரு லாப்டாப்' என்று லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரை வாரி வழங்கியது. 2012-இல் அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி ஆராய்ந்து பார்த்தபோது, கணிதத்திலோ மொழிப் பாடத்திலோ முன்னேற்றம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. பெட்டி வந்தது, படிப்பு வரவில்லை.

பாப்பர்ட்டின் ஆமையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1984-இல் ராய் பீ, மிடியன் குர்லண்ட் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார்கள். லோகோ கற்ற குழந்தைகள் மற்ற காரியங்களிலும் திட்டமிடுவதில் தாமாகவே சிறந்துவிடவில்லை என்பதே அது. கம்ப்யூட்டர் முன்னால் கற்றது கம்ப்யூட்டரோடே நின்றுவிட்டது. இதிலிருந்து 'ஆகையால் இது வீண்' என்ற முடிவுக்கு வரவேண்டியதில்லை. 'இங்கே கற்றதை அங்கே பயன்படுத்து' என்று பாலம் கட்டித்தர ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். தனிப் பாடமாக ஒதுக்காமல் எல்லாப் பாடத்திலும் கலக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

இதை எழுதுகிறவன் படித்த பள்ளியிலும் கம்ப்யூட்டர் அறை ஒன்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். யந்திரத்துக்குத் துணிப்போர்வை போட்டிருக்கும். வாரத்தில் ஒரு நாள் போர்வையை நீக்குவார்கள்; நான்கு பேர் சுற்றி நின்று பார்ப்போம்; ஒருவன் தட்டுவான். கோயில் கர்ப்பக்கிருகத்தைப்போல அதைக் கும்பிட்டோம், கற்கவில்லை. ரோபோப் பெட்டிக்கும் அதே கதி நேர்ந்துவிடலாம். 'உடைந்தால் யார் பதில் சொல்வது?' என்ற பயத்திலே அது பீரோவுக்குள் போய்ப் பூட்டப்படும். தணிக்கை வரும் நாளில் மட்டும் வெளியே வரும்.

உடைந்த கருவிக்குத் தலைமையாசிரியரைப் பொறுப்பாளியாக்கினால் எந்தக் கருவியும் பிள்ளைகள் கைக்கு எட்டாது. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தேய்ந்ததற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லையே! அதுபோல, இத்தனை கம்பியும் மின்பலகையும் ஆண்டுதோறும் செலவாகும் என்று கணக்கிலேயே எழுதிவிட வேண்டும்.

மொழிப் பிரச்னையும் இருக்கிறது. புதிய பாடத்திட்டத்தோடு பிள்ளைகள் கையில் ஆங்கிலப் புத்தகம் வந்திருக்கிறது. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கலாம். யோசனை எந்த மொழியில் ஓடும்? வீட்டில் பேசும் மொழியில்தான். 'இப்படி ஆனால், இல்லாவிட்டால்' என்பதை முதலில் தமிழிலே சொல்லத் தெரிந்தவன், பிறகு அதை எந்த மொழியிலும் எழுதிவிடுவான். இரண்டும் தெரியாதவன் உருப்போடுவான். உருப்போடுவதில் யந்திரம் நம்மை எப்போதோ தோற்கடித்துவிட்டது.

அண்டை வீட்டுப் பாடம்

வழி காட்ட வெகுதூரம் போகவேண்டியதில்லை. புதுச்சேரிப் பிரதேசத்தின் ஒரு துண்டாகிய மாஹேயைச் சுற்றியிருப்பது கேரளம். 2025 ஜூனில் தொடங்கிய கல்வியாண்டில், பத்தாம் வகுப்பில் படிக்கும் நாலே கால் லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அனைவருக்கும் அந்த மாநிலம் ரோபோ இயலைப் பாடமாக்கியது. பள்ளிகளுக்கு 29,000 ரோபோப் பெட்டிகள் கொடுத்தது. ஆனால் அது ஒரே நாளில் நடந்ததல்ல. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோய், சொந்தமாகப் பாடநூல் எழுதி, யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லாத மென்பொருளைப் பயன்படுத்தி, சொந்த ஆசிரியர்களைப் பழக்கிய பிறகே பெட்டியைக் கொடுத்தார்கள். முதலில் மனிதர், பிறகு யந்திரம். வரிசை முக்கியம்!

மத்திய அரசாங்கமும் 2016 முதல் 'அடல் டிங்கரிங் லேப்' என்ற பெயரில் பட்டறை அமைக்கப் பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை கொடுத்து வருகிறது. இன்னும் 50,000 பட்டறைகளை ஐந்தாண்டில் அரசாங்கப் பள்ளிகளில் அமைப்பதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. பட்டறை வரும்போது வரட்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? கம்ப்யூட்டரே இல்லாமல் சீட்டுக்கட்டும் கயிறும் கோலப்பொடியும் வைத்துக் கணினிச் சிந்தனை கற்பிக்கும் முறைகள் நியூஸிலாந்தில் உருவாகி உலகெங்கும் பரவியிருக்கின்றன. நம் நாட்டிலும் 2016-இல் தொடங்கிய 'சி.எஸ். பாடசாலா' என்ற இயக்கம் இம்முறையில் ஆசிரியர்களைப் பழக்குகிறது. இதற்கு 20 லட்சம் வேண்டாம். மனமுள்ள ஓர் ஆசிரியர் போதும்.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் கணிதம், விஞ்ஞானம், தமிழ், சமூகவியல் ஆசிரியர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆசிரியரை மட்டும் அழைத்தால் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிடும். சில ஆண்டுகளுக்காவது இதற்குப் பரீட்சையும் மார்க்கும் வைக்கக் கூடாது. மார்க் வந்தால் டியூஷன் வரும். டியூஷன் வந்தால் காசுள்ளவன் பிள்ளை முன்னே போவான். ஆறு பையன்கள் கருவியைத் தொட, ஆறு பெண்கள் நோட்டில் எழுதுவது என்ற பழக்கமும் கூடாது. கம்பி எல்லார் கைக்கும் வரவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'என் பிள்ளை ரோபோ செய்து பெரிய கம்பெனிக்குப் போவானா?' என்று கேட்காதீர்கள். போகலாம், போகாமலும் இருக்கலாம். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் யந்திரங்கள் இப்போது செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டன. அது சொல்லும் பதில் சரியா, எப்படி வந்தது, எங்கே தப்பும் என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவன் எஜமானன். தெரியாதவன் அதன் ஏவலாள். உழுதாலும் சரி, வில்லியனூர்க் குயவர்களைப்போல் சுடுமண் சிற்பம் செய்தாலும் சரி, ஆபீசில் உட்கார்ந்தாலும் சரி, இந்த வித்தியாசம் கூடவே வரும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாகூர்க் கல்விக்காக மூன்று கிராமங்களைக் கொடுத்தார்கள். இன்று யாரும் கிராமத்தைக் கொடுக்க வேண்டாம். கிராமத்திலுள்ள எல்லாக் குழந்தைக்கும் அந்தக் கல்வியைக் கொடுத்தால் போதும். ரோபோப் பெட்டி வந்து சேர்ந்த பிறகு நம் ஊர்ப் பள்ளிக்குப் போய், பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். திட்டம் வெற்றியா தோல்வியா என்பதை அந்தப் பதிலே சொல்லிவிடும்.